பாதி வாடகை, பாதித் தூக்கம்!

நாலு பேர், மூன்று ஷிஃப்ட், ஒரு மிக்ஸி. பகிர்ந்து குடியிருக்கும் வீடுகளிலும் விடுதிகளிலும் தினமும் நடக்கும் சத்தத் தகராறு யாருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது, யாரை வெளியேற்றுகிறது?

விடியற்காலை 4.50. வேளச்சேரியில் ஓர் இரண்டாம் மாடி வீடு. நைட் ஷிஃப்ட் முடித்து 3.40-க்கு கேபிலிருந்து இறங்கி, முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவளுக்கு அப்போதுதான் கண் அசந்திருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரியின் செல்போன் இரும்பு பீரோவின் தலையில் அதிர ஆரம்பிக்கிறது. ரிங்டோன் இல்லை, வைப்ரேஷன்தான். அடுத்தவள் தூக்கம் கெடக் கூடாதே என்றுதான் அப்படி வைத்திருக்கிறாள். ஆனால் உள்ளே காலியாக இருக்கும் தகரப் பெட்டியின் மேல் போன் அதிர்ந்தால், அறை முழுவதும் தவில் அடித்ததுபோல இருக்கும். ஒரு கை நீண்டு அணைக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். மூன்றாவது முறை அணைத்துவிட்டு எழுகிறாள். பாலிதீன் பைக்குள் எதையோ தேடுகிறாள். மெதுவாகத் தேடுகிறாள், அதனாலேயே வெகுநேரம் தேடுகிறாள். குளியலறையில் வாளி நிறைகிறது. 5.40-க்குச் சமையலறையில் மிக்ஸி.

படுத்திருந்தவள் எழுந்து போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி அரைபட்ட சட்னியோடு மிக்ஸி ஜாரைக் கழற்றி எடுத்துவந்து, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஜாரை எடுத்தவள் நான். சட்னி அரைத்தவள் அன்று ஆறரை மணி கேபுக்கு வெறும் இட்லியை டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடினாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறை, இரண்டு கட்டில், நடுவில் இரண்டடி இடைவெளி.

பெண்கள் விடுதி, த்ரீ ஷேரிங் அறை, வாடகை வீடு என்று ஒன்பது வருடம் இப்படிக் குடியிருந்தவள் என்பதால் இந்தக் கட்டுரையை வெளியிலிருந்து எழுத எனக்கு வழியில்லை. வாடகையை நாலாகப் பிரிக்க முடிகிறது, கரண்ட் பில்லைப் பிரிக்க முடிகிறது, தண்ணீர் கேனுக்குக் கூட கணக்கு இருக்கிறது. தூக்கத்துக்கு மட்டும் கணக்கே இல்லை.

மேன்ஷன் முதல் வல்லம் வடகால் வரை

சென்னைக்கு வேலை தேடி வந்த ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தலைமுறை தலைமுறையாக இடம் கொடுத்திருக்கின்றன. நீள நடை, இரண்டு பக்கமும் அறைகள், கோடியில் பொதுக் குளியலறை. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு நகரம் பழைய மாமல்லபுரம் சாலை வழியாகத் தெற்கே நீண்டது. கூடவே பிஜி விடுதிகளும், பேச்சுலர்கள் சேர்ந்து எடுக்கும் மூன்று படுக்கையறை வீடுகளும் நீண்டன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோது விடுதிகளும் வந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் திறக்கப்பட்ட குடியிருப்பு வளாகம் 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. ஒரு பேரூராட்சியே ஒரு மதில் சுவருக்குள் இருப்பது போல.

மேன்ஷன் காலத்தில் பெரும்பாலும் எல்லோரும் காலையில் கிளம்பினார்கள், இரவில் தூங்கினார்கள். நடையில் ஒருவர் டிரான்சிஸ்டர் வைத்தால் எல்லோருக்கும் அது ஒரே நேரத்துத் தொந்தரவு, எல்லோரும் சேர்ந்து ஒரு சத்தம் போட்டால் அடங்கிவிடும். இன்று ஒரே அறையில் ஒருத்திக்கு அமெரிக்க நேரம், ஒருத்திக்குக் காலை ஏழு மணி பஸ், ஒருத்திக்கு வாரா வாரம் மாறும் ஷிஃப்ட். ஒருத்தியின் விடியல் இன்னொருத்தியின் நள்ளிரவு. தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது. யாரும் முன்பைவிட முரடாகிவிடவில்லை.

சுவர் தடுக்கும், கதவு விட்டுவிடும்

வீட்டுக்குள் சத்தம் இரண்டு வழியாக வருகிறது. பேச்சு, டிவி, ரீல்ஸ் போன்றவை காற்று வழி வருபவை. கட்டில் இழுப்பது, கதவு அறைவது, மேல் பர்த்திலிருந்து தொப்பென்று குதிப்பது ஆகியவை சுவர், தரை வழியாக அதிர்வாக வருபவை. மிக்ஸி இரண்டு வழியிலும் வரும். மோட்டார் இரைச்சல் காற்றிலும், அதிர்வு கிரானைட் மேடை வழியாகச் சுவரிலும் இறங்கும். அதனால்தான் சமையலறைச் சுவரை ஒட்டித் தலைவைத்துப் படுப்பவருக்கு மிக்ஸி தலையணைக்குள்ளேயே ஓடுவது போல இருக்கிறது.

பூசிய செங்கல் சுவர் 40 டெசிபலுக்கு மேல் குறைத்துவிடும். நாலரை அங்குலச் சுவரே போதும். ஆனால் பிஜிக்காக ஹாலை இரண்டாக்கிய ப்ளைவுட் தடுப்பு அவ்வளவு தாங்காது. கதவு இன்னும் மோசம். ஏழடிக்கு மூன்றடிக் கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி இருந்தால், அது கதவின் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அந்த 1 சதவீத ஓட்டையே போதும்: கதவைத் தேக்கில் செய்தாலும், ஈயத்தில் செய்தாலும், 20 டெசிபலுக்கு மேல் அது தடுக்காது. ஒலியில் நூறில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாகத் தாராளமாகப் போய்வரும்.

சத்தம் கேட்கிறதே என்று கனமான திரைச்சீலை வாங்கி மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். திரை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அடுத்த அறைச் சத்தத்தைத் தடுக்காது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதும் அப்படித்தான். அந்தப் பணத்தில் கதவடிக்கு ஒரு ரப்பர் பட்டை போட்டிருக்கலாம்.

[பெட்டிச் செய்தி]
எவ்வளவு சத்தம்?
■ கிசுகிசுப்பு: சுமார் 30 டெசிபல். சாதாரணப் பேச்சு: சுமார் 60. அருகில் ஓடும் மிக்ஸி: 85-ஐத் தொடும், தாண்டவும் செய்யும்.
■ டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் ஏறினால் ஒலியாற்றல் 10 மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும்.
■ உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, படுக்கையறைக்குள் இரவுச் சராசரி 30 டெசிபல், திடீரென எழும் தனிச் சத்தம் 45 டெசிபல், இவற்றைத் தாண்டாமல் இருப்பது நல்லது.
■ இந்திய ஒலி மாசு விதிகள், 2000: குடியிருப்புப் பகுதியில் பகலில் (காலை 6 முதல் இரவு 10 வரை) 55 டெசிபல், இரவில் (10 முதல் 6 வரை) 45 டெசிபல்.

தூங்கும் மூளைக்கும் காது உண்டு

கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. தூங்கும்போதும் மூளை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. கேட்டதைத் தரம் பிரிக்கவும் செய்கிறது. 1960-ல் பிரிட்டனில் ஆஸ்வால்ட், டெய்லர், டிரீஸ்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் தூங்குபவர்களுக்குப் பெயர்களை ஒலிநாடாவில் ஓட்டிக் காட்டினார்கள். மற்ற பெயர்களைவிடத் தன் பெயர் வந்தபோது மூளை அலையில் அதிக மாற்றம் தெரிந்தது. சமையலறையில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நம் பெயர் வந்தால் சட்டென்று விழிப்புத் தட்டுவதன் காரணம் இதுதான். அவர்கள் நம்மைப் பற்றித் தப்பாகப் பேசியிருக்கத் தேவையில்லை.

பகலில் தூங்குபவருக்கு இது இரட்டைச் சுமை. வெளிச்சமும் உடம்பின் கடிகாரமும் ஏற்கெனவே அவருக்கு எதிராக நிற்கின்றன. பகல் தூக்கம் குறைவான நேரமே நீடிக்கும், எளிதில் கலையும். இரவில் எழுப்பாத ஒரு டம்ளர் சத்தம் பகல் பதினொரு மணிக்கு எழுப்பிவிடும்.

யாரும் அழுத்தாத பொத்தான்

அந்த மிக்ஸி நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அதே வீட்டுக்கு எதிரே ரயில் பாதை. பறக்கும் ரயில் மேலே ஓடும். அந்தச் சத்தம் என்னை எழுப்பியதே இல்லை. ரயிலுக்குத் தூங்கியவள் சட்னிக்கு ஏன் எழுந்தேன்?

அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் 1972-ல் வெளியிட்ட 'அர்பன் ஸ்ட்ரெஸ்' என்ற புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. வேலை செய்துகொண்டிருந்தவர்களின் காதில் 108 டெசிபல் வரை வெடிக்கும் சத்தங்களைப் போட்டார்கள். சிலருக்குச் சீரான இடைவெளியில், சிலருக்கு எப்போது வரும் என்றே தெரியாமல். சத்தம் நின்ற பிறகு ஒரு புதிரும் பிழைதிருத்தும் வேலையும் கொடுத்தார்கள். எப்போது வரும் என்று தெரியாமல் சத்தத்தைத் தாங்கியவர்கள் புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள், பிழைகளை அதிகம் தவறவிட்டார்கள். அளவு ஒன்றுதான், களைப்பு வேறு.

இன்னொரு குழுவுக்கு ஒரு பொத்தான் கொடுக்கப்பட்டது. அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் கூடுமானவரை அழுத்தாதீர்கள் என்று சொல்லப்பட்டது. பெரும்பாலோர் அழுத்தவில்லை. சத்தத்தை முழுவதும் கேட்டார்கள். இருந்தும், பொத்தான் இல்லாதவர்களைவிடப் பிறகு நன்றாகவே வேலை செய்தார்கள். நிறுத்த முடியும் என்ற எண்ணமே பாதிப் பாரத்தை இறக்கிவிட்டது.

சேர்ந்து வாழும் வீடுகளின் சத்தத் தகராறு முழுக்க இந்தப் பொத்தானைச் சுற்றித்தான் நடக்கிறது என்று நான் நம்புகிறேன். எங்கள் வீட்டில் எனக்கு அது இல்லை. மிக்ஸி எப்போது ஓடும் என்று தெரியாது, நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா என்றும் தெரியாது. அதனால் ஜாரையே எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒருநாள் அவள் கேட்டாள்: "வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் ராத்திரியே அரைச்சு ஃப்ரிட்ஜுல வெச்சிருப்பேன்ல?"

"நீ கேட்டிருக்கலாம்ல?"

"நீ தூங்கிட்டிருப்பே, எப்படி எழுப்பிக் கேக்கறது?"

சட்டம் வாசலோடு நின்றுவிடுகிறது

ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிக்கு மேல் தடை என்பது எல்லோருக்கும் தெரியும். 2005-ல் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு வழக்கில் அளித்த தீர்ப்பு, அமைதியாக வாழ்வதை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்துப் பேசியது. ஆனால் 2000-ம் ஆண்டு விதிகள் தனியார் இடத்தின் ஒலிக் கருவியை அளப்பது அந்த இடத்தின் எல்லையில். எல்லைக்கு உள்ளே, ஒரே சாவியைப் பகிரும் இரண்டு பேருக்கு நடுவில், சட்டம் வருவதில்லை. வரவும் கூடாது என்றே நினைக்கிறேன். சட்னிக்காகப் போலீஸை அழைக்கும் வீடு யாருக்கும் வேண்டாம்.

ஆனால் சட்டத்தின் கடிகாரம் பற்றிப் பேசியே ஆக வேண்டும். அதற்கு இரவு என்றால் 10 முதல் 6 வரை. காலை எட்டு மணிக்குப் படுக்கும் தொழிலாளிக்கு அந்தக் கடிகாரத்தில் இரவே கிடையாது. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம், பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்வதைத் தடுத்த பிரிவைச் செல்லாதென்று அறிவித்து, பாதுகாப்பு நிபந்தனைகளோடு இரவு வேலைக்கு வழி திறந்தது. போக்குவரத்து, துணைக்கு ஆள், ஓய்வறை என்று இரவு வேலையைப் பற்றி நிறையப் பேசினோம். அந்த வேலை முடிந்து வந்து அவள் பகலில் எங்கே, எப்படித் தூங்குவாள் என்ற கேள்வியை விடுதி வார்டனிடம் விட்டுவிட்டோம். 2014-ல் வந்த தமிழ்நாட்டின் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் முதல் கவலை உரிமமும் பாதுகாப்பும். அது சரியான கவலைதான். தூக்கமும் பாதுகாப்பில் சேர்ந்ததே என்று நான் சொல்வேன். தூக்கம் கெட்டவள் மறுநாள் இயந்திரத்தின் முன்னால்தான் நிற்கப் போகிறாள்.

ஷிஃப்ட் பார்த்து அறை ஒதுக்குவதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. காலியாகும் கட்டிலில் அடுத்து வருபவரைப் போடுவது வார்டனுக்குச் சுலபம் என்பதால்தான் அது நடக்காமல் இருக்கிறது. நான் தங்கிய ஒரு விடுதியில் அப்படித்தான் ஆறு பேர் அறையில் நாலு விதமான ஷிஃப்ட் இருந்தது. டியூப்லைட் ஒரு நாளும் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல அணைந்ததில்லை. ஒரே ஷிஃப்ட்காரர்களை ஒரு மாடியில் வைத்து, அந்த மாடியில் பகல் பன்னிரண்டு வரை கூட்டிப் பெருக்குவதைத் தள்ளிப்போட்டாலே போதும். நிறுவனங்களே நடத்தும் பெரிய வளாகங்களில் இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. யார் எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

யார் வெளியேறுகிறார்கள்?

சேர்ந்து எடுத்த வீட்டில் எல்லோரும் சமம் என்று தோன்றும். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் அதில் பெரும்பாலும் ஒருவர் பெயர்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அந்தத் தாளில் பெயர் இல்லாதவர்கள் மாதாமாதம் ஜிபேயில் பணம் அனுப்புபவர்கள், அவ்வளவுதான். சத்தம் பற்றிய பேச்சு முற்றும்போது "பிடிக்கலைன்னா வேற வீடு பாத்துக்கோ" என்ற வாக்கியத்தைத் தாளில் பெயர் உள்ளவரால் சொல்ல முடியும். மற்றவரால் கேட்டுக்கொள்ள முடியும்.

அப்படி வெளியேறுபவர் கடைசியாக வந்தவராகவோ, ஹாலில் படுப்பவராகவோ இருப்பார். ஹாலில் படுப்பவருக்கு வாடகை சற்றுக் குறைவு. ஆனால் குளியலறைக்குப் போகும் வழி, வாசல் மணி, ஃப்ரிட்ஜ் கதவு எல்லாம் அவர் தலைமாட்டில். வீட்டிலேயே அதிகச் சத்தம் கேட்பவர் அவர். குறை சொல்லத் தயங்குபவரும் அவரே. அவர் போகும்போது காரணமாக "ஆபீஸ் தூரம்" என்பார். தூங்க முடியவில்லை என்று சொன்னால் அனுசரித்துப் போகத் தெரியாதவர் என்ற பெயர் வரும். ஆண்களுக்காவது இரவு இரண்டு மணிக்கு டீக்கடை வாசலோ மொட்டைமாடியோ உண்டு. பத்து மணிக்குக் கேட் பூட்டும் பெண்கள் விடுதியில் சத்தத்திலிருந்து தப்பிக்கக் குளியலறைதான் இருக்கிறது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து படித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குறட்டை விடுபவரிடம் ஒரு வார்த்தை

குறட்டை வேண்டுமென்று செய்வது அல்ல. அதைச் சொல்லிச் சிரிப்பதும், வீடியோ எடுத்துக் குரூப்பில் போடுவதும் கொடுமை. ஆனால் சொல்லாமல் இருப்பதும் நல்லதல்ல. குறட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு பத்து விநாடி, அதற்கும் மேல் நின்று, பிறகு திணறலோடு மீண்டால், அது தூக்கத்தில் மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். தூங்குபவருக்கு அது தெரியாது. குடும்பத்தை விட்டு வந்தவருக்கு அதைக் கவனித்துச் சொல்ல, பக்கத்துக் கட்டிலில் படுப்பவரை விட்டால் ஆள் கிடையாது. பகலில் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரி உனக்கு மூச்சு நின்னு நின்னு வருது, டாக்டரைப் பாரு" என்று சொல்லுங்கள். சிகிச்சை இருக்கிறது. மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுத்தால் பலருக்குக் குறட்டை குறையும்.

[பெட்டிச் செய்தி]
செலவில்லாமலும், கொஞ்சம் செலவோடும்
■ போனைப் பீரோ, இரும்புக் கட்டில், மர மேசை மேல் வைத்து அதிரவிடாதீர்கள். மடித்த துணிமேல், தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். கையில் அதிரும் பட்டை அலாரம் எழ வேண்டியவரை மட்டும் எழுப்பும்.
■ அலாரம் ஒன்றுதான். எழப்போகும் நேரத்துக்கே வையுங்கள்.
■ மிக்ஸிக்கு அடியில் தடித்த ரப்பர் பாய். சுவரைத் தொடாமல் அரையடி தள்ளி. அதிர்வு குறையும், மோட்டார் இரைச்சல் குறையாது. அதற்குச் சமையலறைக் கதவை மூட வேண்டும்.
■ கிறீச்சிடும் இரும்புக் கட்டிலின் போல்ட்டுகளை இறுக்கி, இணைப்பில் துளி எண்ணெய். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ்.
■ கதவடிச் சந்துக்கு ரப்பர் பட்டை. பொதுச் சுவரை ஒட்டித் துணி நிறைந்த அலமாரி.
■ மறுநாள் உடை, சாவி, ஐடி கார்டு, டிபன் டப்பா எல்லாம் முதல்நாள் இரவே அறைக்கு வெளியே, துணிப் பையில்.
■ ஃபோம் இயர்ப்ளக்கை உருட்டி மெலிதாக்கி, காதை மேலே பின்னால் இழுத்துச் செருகி, விரியும் வரை விரலால் பிடிக்க வேண்டும். அழுக்கானதை மாற்றுங்கள்.

ஜெர்மனியில் ஒரு சொல்

ஜெர்மனியில் படிக்கப் போகும் நம் மாணவர்கள் பலர் 'வேகே' எனப்படும் பகிர்வு வீடுகளில் குடியேறுகிறார்கள். அங்கே இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறு முழுவதும் அமைதி நாள். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளையிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். எனக்குப் பிடித்தது நேரக் கட்டுப்பாடு அல்ல, அவர்களிடம் உள்ள ஒரு சொல்: 'சிம்மர்லாவுட்ஷ்டெர்க்கெ', அதாவது அறையளவுச் சத்தம். என் அறைக்குள் கேட்கலாம், என் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கக் கூடாது. நம்மிடம் அப்படி ஒரு சொல் இல்லாததால்தான் ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் மெதுவா" என்று தொடங்கி, "இதுவே மெதுவாத்தான்" என்று முடிகிறது.

எங்கள் வீட்டில் ஒப்பந்தம் எழுதவில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் ஒரு சாக்பீஸ் வாங்கி வந்தாள். சமையலறைக் கதவின் உள்பக்கம் நாலு பெயர், நாலு கட்டம். யார் எப்போது வருவோம், எப்போது எழுவோம். கீழே ஓரத்தில் அவள் கையெழுத்தில்: "மிக்ஸி 5.40, ரெண்டு நிமிஷம். வேண்டாம்னா இதை அழிச்சிடு."

முதல் வாரம் இரண்டு முறை அழித்தேன். அந்த இரண்டு நாளும் அவள் பொடி எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம் அழிக்கவில்லை. ஒருநாள் மிக்ஸி ஓடியபோது விழிப்பு வந்தது. போனைத் திருப்பிப் பார்த்தேன், 5.40. ஓடியது, நின்றது. கதவை அவள் கையால் பிடித்து மெல்லச் சாத்துவது கேட்டது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.